நெடுந்தொலைவு ரைஃபிள் சுடுதல்: காற்றையும் ஸ்பின் டிரிஃப்டையும் கணக்கில் எடுப்பது எப்படி? முழுமையான வழிகாட்டி

300 மீட்டரில் கைக்குப் பழகிய ரைஃபிள், 900 மீட்டருக்குப் போனதும் வேறொன்றைப் போல நடந்துகொள்ளும். உயரக் கணக்கு பெரிதாகத் தொந்தரவு தராது. தூரமும் குண்டின் வேகமும் சரியாகத் தெரிந்திருந்தால், பாலிஸ்டிக் செயலி (குண்டின் பாதையைக் கணக்கிடும் செயலி) காட்டும் எண்ணுக்கு ஸ்கோப்பின் திருத்தக் குமிழான டர்ரெட்டைத் திருப்பினால் முடிந்தது. ஆளைத் திணறடிப்பது பக்கவாட்டு விலகல்தான். காற்று, குண்டின் சுழற்சியால் வரும் ஸ்பின் டிரிஃப்ட், ஸ்கோப்பின் சாய்வு, பூமியின் சுழற்சி, காற்றடிக்கும் நாளில் செய்த ஜீரோ (குறிவைத்த இடத்திலேயே குண்டு விழும்படி ஸ்கோப்பைச் சரிசெய்வது) என்று பல காரணங்கள் அதில் ஒன்றன்மேல் ஒன்றாக ஏறி உட்கார்ந்திருக்கும்.

இவற்றில் ஒரு ஷாட்டுக்கும் அடுத்த ஷாட்டுக்கும் இடையே மாறுவது காற்று ஒன்றுதான். அதே ரைஃபிள், அதே தோட்டா, அதே தூரம் என்றால் மற்றவை அசையாமல் நிற்கும். ஆகவே மாறாதவற்றை முதலில் அளந்து கழித்துவிட வேண்டும். அதற்குப் பிறகு மிஞ்சும் விலகலைத்தான் காற்றுடையது என்று நம்ப முடியும். இந்த வரிசையைத் தலைகீழாக்கினால் எத்தனை வருடம் சுட்டாலும் காற்றைப் படிக்க வராது. ஸ்கோப்பின் சாய்வைக் காற்று என்று எண்ணித் திருத்திக்கொண்டே இருப்போம்.

எல்லாப் படிகளுக்கும் ஒரே உதாரணத்தை வைத்துக்கொள்வோம். .308 ரக ரைஃபிள். குழல்வாயில் குண்டின் வேகம் வினாடிக்கு 800 மீட்டர். குழலின் உட்புரி வலப்பக்கமாகச் சுற்றுவது, 10 அங்குலத்துக்கு ஒரு சுற்று. குண்டு பறக்கும் நேரம் 300 மீட்டருக்கு 0.425 வினாடி, 600-க்கு 0.97, 900-க்கு 1.65. உங்கள் எண்கள் இதிலிருந்து மாறும். செயலியில் போட்டு எடுத்துக்கொள்ளுங்கள். ஸ்கோப் மில் அளவில் இருப்பதாகக் கொள்கிறேன்: 1 மில் என்றால் 100 மீட்டரில் 10 செ.மீ., 900 மீட்டரில் 90 செ.மீ. டர்ரெட்டின் ஒரு கிளிக் 0.1 மில்.

படி 1: ஸ்கோப்பின் சாய்வும் சுத்தமான ஜீரோவும்

ஸ்பின் டிரிஃப்டைப் பற்றி யோசிக்கும் முன்பே இதைச் செய்துவிட வேண்டும். 900 மீட்டருக்கு நம் ரைஃபிளில் சுமார் 11 மில் உயர்த்த வேண்டியிருக்கும் என்று வையுங்கள். ரைஃபிள் 1 டிகிரி மட்டும் சாய்ந்திருந்தால் அந்த 11 மில்லில் கிட்டத்தட்ட 0.19 மில் பக்கவாட்டில் கசிந்துவிடும். 900 மீட்டரில் அது 17 செ.மீ. அடுத்த படியில் பார்க்கப்போகும் ஸ்பின் டிரிஃப்டும் ஏறக்குறைய இதே அளவுதான். வலப்பக்கம் சாய்ந்தால் குண்டும் வலப்பக்கம் போகும். இரண்டும் கூடினால் பெரிய விலகல். ஒன்றையொன்று அழித்துக்கொண்டால் “என் ரைஃபிளில் ஸ்பின் டிரிஃப்டே இல்லை” என்ற பொய்யான நிம்மதி.

சோதனை எளிது. காற்றில்லாத காலையில் 100 மீட்டரில் உயரமான காகிதத்தை மாட்டி, தூக்குக்குண்டு தொங்கவிட்டு அதை ஒட்டிச் செங்குத்துக் கோடு வரையுங்கள். கோட்டின் அடியில் ஒரு புள்ளி. அதைக் குறிவைத்துச் சில ஷாட் சுடுங்கள். பிறகு டர்ரெட்டில் 10 மில் ஏற்றி, அதே அடிப்புள்ளியைக் குறிவைத்து மறுபடி சுடுங்கள். குண்டுத்துளைகளின் குழு சரியாக 1 மீட்டர் மேலே, கோட்டின் மீதே விழ வேண்டும். கோட்டைவிட்டு 1.75 செ.மீ. விலகினால் 1 டிகிரி சாய்வு இருக்கிறது. உயரம் 1 மீட்டருக்குக் குறைந்தாலோ கூடினாலோ டர்ரெட்டின் கிளிக் அளவே பிசகு என்பதும் இதில் தெரிந்துவிடும். ஸ்கோப்பைச் சரியாகப் பொருத்தியபின் குழலோடோ மவுன்ட்டோடோ ஒரு நீர்மட்டக் குமிழியை மாட்டி, ஒவ்வொரு ஷாட்டுக்கும் முன்பு அதைப் பார்க்கும் பழக்கத்தைப் பிடித்துக்கொள்ளுங்கள்.

ஜீரோவும் காற்றில்லாத நேரத்தில்தான். காற்றில் செய்த ஜீரோ, அன்றைய காற்றை ரைஃபிளுக்குள்ளேயே பூட்டிவைத்துவிடும்.

படி 2: ஸ்பின் டிரிஃப்ட்

10 அங்குலப் புரியில் 800 மீட்டர் வேகத்தில் கிளம்பும் குண்டு வினாடிக்குச் சுமார் 3,150 முறை சுழல்கிறது. அந்தச் சுழற்சிதான் அதை நிமிர்த்திப் பிடிக்கிறது. ஈர்ப்பு விசையால் பாதை கீழ்நோக்கி வளையும்போது குண்டின் மூக்கும் கூடவே வளைய வேண்டும். ஆனால் சுழலும் பொருளை ஒரு பக்கம் சாய்க்கப் பார்த்தால் அது செங்கோணத்தில் இன்னொரு பக்கம் திரும்பும். வலப்புரிக் குழலிலிருந்து வந்த குண்டின் மூக்கு பாதையைவிட்டு ஒரு டிகிரியில் சிறு பகுதி அளவுக்கு வலப்பக்கம் திரும்பியே பறக்கிறது. எதிர்வரும் காற்று அந்தச் சிறு கோணத்தில் மோதி, பறக்கும் நேரம் முழுவதும் குண்டை மெல்ல வலப்பக்கம் தள்ளுகிறது. இடப்புரி என்றால் இடப்பக்கம். குண்டு காற்றின்மேல் சக்கரம்போல உருண்டு போகிறது என்ற விளக்கத்தைப் பலர் சொல்வார்கள், அது தவறு. காற்று துளிகூட இல்லாவிட்டாலும் இந்த விலகல் இருக்கும்.

அளவைக் கணக்கிட பாலிஸ்டிக்ஸ் நிபுணர் பிரையன் லிட்ஸ் தந்த தோராயச் சூத்திரம் நடைமுறைக்குப் போதும். பறக்கும் நேரத்தை (வினாடியில்) 1.83 அடுக்குக்கு உயர்த்துங்கள். நிலைத்தன்மை எண்ணோடு (சுழலும் குண்டு எவ்வளவு உறுதியாகப் பறக்கிறது என்பதன் அளவு) 1.2 கூட்டி, அதனால் பெருக்குங்கள். பிறகு 1.25 ஆல் பெருக்கினால் விலகல் அங்குலத்தில் வரும். நிலைத்தன்மை எண்ணைக் குண்டின் நீளம், எடை, விட்டம், புரியின் அளவு ஆகியவற்றைக் கொடுத்தால் செயலியே சொல்லும். அது 1.5 என்று கொண்டால் நம் உதாரணத்தில்:

300 மீட்டர்: சுமார் 2 செ.மீ., 0.06 மில்
600 மீட்டர்: 8 செ.மீ., 0.13 மில்
900 மீட்டர்: 21 செ.மீ., 0.24 மில்

300-இல் இதை மறந்துவிடலாம். 900-இல் இடப்பக்கம் இரண்டு கிளிக் வைத்தே ஆகவேண்டும். தூரத்தைவிட வேகமாக இது ஏறுவதைக் கவனியுங்கள்: 600-லிருந்து 900-க்குப் போகும்போது தூரம் ஒன்றரை மடங்கு, விலகலோ இரண்டரை மடங்குக்கும் மேல்.

இதைக் கையாள்வதில் இரண்டு பொறிகள் உண்டு. செயலியில் ஸ்பின் டிரிஃப்ட் ஏற்கனவே இயக்கத்தில் இருந்தால் கையாலும் கூட்டக் கூடாது. இரட்டைத் திருத்தம் ஆகிவிடும். அதேபோல இதை 100 மீட்டர் ஜீரோவுக்குள் ஒளித்துவைப்பதும் வேண்டாம். எப்போதும் ஒரே தூரத்தில் சுடுபவருக்கு அது சரிவரும். பல தூரங்களில் சுடுபவருக்கு 300 மீட்டரில் காரணம் புரியாத இடப்பக்கப் பிழையாக வந்து நிற்கும். உயர அட்டவணையில் ஒவ்வொரு தூரத்துக்கும் பக்கத்திலேயே இந்தக் கிளிக்கை எழுதிக்கொள்வதே நல்லது.

படி 3: பூமியின் சுழற்சி

சுருக்கமாக முடித்துவிடலாம். பூமி சுழல்வதால் குண்டு விலகுவது வட அரைக்கோளத்தில் வலப்பக்கம், தென் அரைக்கோளத்தில் இடப்பக்கம். எந்தத் திசையில் சுட்டாலும் பக்கவாட்டு அளவு ஒன்றே. 45 டிகிரி அட்சத்தில் நம் 900 மீட்டருக்குச் சுமார் 8 செ.மீ., அதாவது ஒரு கிளிக்குக்குச் சற்றுக் குறைவு. நிலநடுக்கோட்டை நெருங்க நெருங்க இது கரைந்துபோகும். கிழக்கு நோக்கிச் சுட்டால் கொஞ்சம் மேலே, மேற்கு நோக்கி என்றால் கொஞ்சம் கீழே. செயலியில் அட்சத்தையும் திசையையும் கொடுத்துவிட்டு அடுத்த வேலைக்குப் போங்கள்.

படி 4: உங்கள் ரைஃபிளின் காற்று எண்

பக்கக் காற்று குண்டின் விலாவில் மோதித் தள்ளுகிறது என்றுதான் எல்லோருக்கும் தோன்றும். உண்மையில் நடப்பது வேறு. குழலைவிட்டு வந்ததும் குண்டு தன் மூக்கைக் காற்று வரும் பக்கம் மிகச் சிறிதளவு திருப்பிக்கொள்கிறது. அதன்பின் காற்றின் இழுவிசை நேராகப் பின்னால் இழுக்காமல் கொஞ்சம் பக்கவாட்டாகவும் இழுக்கிறது. ஆகவே எவ்வளவு நேரம் பறந்தது என்பதைவிட, இழுவிசையால் எவ்வளவு தாமதப்பட்டது என்பதுதான் விலகலைத் தீர்மானிக்கிறது. பிரெஞ்சுப் பீரங்கியியல் அறிஞர் டிடியானின் பெயரால் வழங்கும் சூத்திரம் இதுதான்:

விலகல் = பக்கக் காற்றின் வேகம் × (பறக்கும் நேரம் − தூரம் ÷ குழல்வாய் வேகம்)

900 மீட்டரை 800-ஆல் வகுத்தால் 1.125 வினாடி. வேகம் குறையாமலே போயிருந்தால் ஆகும் நேரம் அது. உண்மையில் ஆனது 1.65. தாமதம் 0.525 வினாடி. காற்று வினாடிக்கு 4 மீட்டர் என்றால் விலகல் 2.1 மீட்டர், அதாவது 2.3 மில். மேலே கணக்கிட்ட ஸ்பின் டிரிஃப்டைப் போலப் பத்து மடங்கு.

வேகமான தோட்டா எப்போதும் காற்றில் குறைவாக விலகும் என்ற நம்பிக்கையை இந்தச் சூத்திரம் உடைத்துவிடுகிறது. .22 ரிம்ஃபயரில் ஒலிவேகத்தைத் தாண்டும் தோட்டா, ஒலிவேகத்துக்குள் பறக்கும் தோட்டாவைவிடக் கூடுதலாக விலகுவதற்கு இதுவே காரணம். ஒலிவேகத்தை ஒட்டிய இடத்தில் இழுவிசை எகிறுகிறது. தாமதமும் அதோடு ஏறுகிறது.

இப்போது ஒவ்வொரு தூரத்துக்கும், வினாடிக்கு 1 மீட்டர் காற்றுக்கு எத்தனை மில் என்று எடுங்கள். நம் உதாரணத்தில் 300-க்கு 0.17, 600-க்கு 0.37, 900-க்கு 0.58. இதைச் சற்றுத் திருப்பிப் பார்த்தால் அருமையான ஒரு மனக்கணக்கு கிடைக்கும். காற்று வினாடிக்கு 1.7 மீட்டராக இருந்தால் 300-க்கு ஏறத்தாழ 0.3 மில், 600-க்கு 0.6, 900-க்கு 0.9-ஐவிடச் சற்றுக் கூட. தூரத்தின் முதல் இலக்கமே மில்லின் பத்தில் பங்காக வந்துவிடுகிறது. இந்த 1.7-தான் இந்த ரைஃபிளின் காற்று எண். காற்று 3.4 என்றால் இரட்டிப்பு. பாதி என்றால் பாதி. படுத்த நிலையில், கைப்பேசியைத் தொடாமலே 600 மீட்டருக்கு 1.2 மில் என்று சொல்லிவிடலாம். உங்கள் ரைஃபிளுக்கும் இப்படி ஒரு எண் உண்டு. அதைக் கண்டுபிடித்து ஸ்டாக்கில் ஒட்டிவையுங்கள்.

படி 5: காற்றைப் படிப்பது

இனி உண்மையான வேலை. எஃப்-கிளாஸ் என்ற நெடுந்தொலைவுச் சுடுதல் போட்டியில் 1,000 கஜத்தில், அதாவது 914 மீட்டரில், பத்துப் புள்ளி வளையத்தின் விட்டம் 10 அங்குலம். நடுவிலிருந்து விளிம்புக்கு 12.7 செ.மீ. நம் ரைஃபிளில் வினாடிக்கு கால் மீட்டர் காற்றைத் தவறாகக் கணித்தாலே நடுக்குறி வைத்த குண்டு விளிம்புக்குப் போய்விடும். கால் மீட்டர் காற்று முகத்தில் பட்டால்கூடத் தெரியாது. அதனால் கண்ணைப் பழக்குவதைத் தவிர வேறு வழியில்லை.

எனக்கு முதல் சாட்சி கானல். ஸ்பாட்டிங் ஸ்கோப்பை (இலக்கைப் பார்க்கும் தனித் தொலைநோக்கி) இலக்கில் ஃபோகஸ் செய்துவிட்டு, அதன் ஃபோகஸ் குமிழை மெதுவாகத் திருப்பி ஃபோகஸை உங்களை நோக்கி, பாதித் தூரத்துக்கோ மூன்றில் இரண்டு பங்குக்கோ கொண்டுவாருங்கள். இலக்கின் எண்கள் மங்கும். அவற்றுக்கு முன்னால் நீரோட்டம்போல ஏதோ நெளிந்து ஓடுவது தெளியும். இலக்கின் மேல்விளிம்பு நேர்கோடாக இருப்பதால் அங்கேதான் நன்றாகப் பிடிபடும். கோடு பல் பல்லாக அரித்ததுபோலத் தெரிந்து, அந்தப் பற்கள் ஒரு பக்கமாக நகரும். நெளிவுகள் லேசாகச் சாய்ந்து ஏறினால் காற்று வினாடிக்கு 1 மீட்டர் அளவில். 45 டிகிரிக்குச் சாய்ந்தால் 2 முதல் 3. படுக்கையாக ஓடினால் 4 முதல் 5. அதற்குமேல் எல்லாமே தட்டையாகத் தெரிவதால் கானல் வேகத்தைச் சொல்லாது. திசையை மட்டும் சொல்லும்.

நெளிவுகள் எந்தப் பக்கமும் சாயாமல் நேராக மேலே கொதித்தால் எச்சரிக்கையாக இருங்கள். காற்றே இல்லை, அல்லது சுடும் கோட்டின் வழியாகவே வருகிறது, அல்லது திசை மாறப்போகிறது. மூன்றில் எது என்பது அந்த நொடியில் தெரியாது. கொதிக்கும்போது சுடாமல், ஏதாவது ஒரு பக்கம் சாயும்வரை காத்திருப்பதே நல்லது.

அடுத்தது கொடி. கம்பத்திலிருந்து துணி எத்தனை டிகிரி விலகி நிற்கிறதோ அதை 9-ஆல் வகுத்தால் காற்றின் வேகம் வினாடிக்கு மீட்டரில் தோராயமாக வரும். 45 டிகிரி என்றால் 5. நனைந்த கொடியும் கனத்த துணியும் குறைத்துக் காட்டும், மெல்லிய நைலான் கூட்டிக் காட்டும். கொடி ஒரு கணம் பின்தங்கியே பேசும் என்பதையும் நினைவில் வையுங்கள்.

கொடி இல்லாத இடத்தில் செடிகொடிகள் உதவும். போஃபர்ட் காற்று அளவையின்படி (எண்கள் வினாடிக்கு மீட்டரில்), முகத்தில் காற்று உறைத்து இலைகள் சலசலத்தால் 1.6 முதல் 3.3, இலைகளும் சின்னக் குச்சிகளும் ஓயாமல் ஆடினால் 3.4 முதல் 5.4, புழுதி கிளம்பிச் சிறு கிளைகள் அசைந்தால் 5.5 முதல் 7.9.

கையடக்கக் காற்றுமானி நீங்கள் நிற்கும் இடத்தை மட்டுமே சொல்லும். அதைப் பயிற்சிக்குப் பயன்படுத்துங்கள்: முதலில் முகத்தாலும் புல்லாலும் கணித்து வாய்விட்டு ஒரு எண்ணைச் சொல்லுங்கள், பிறகு மானியைப் பாருங்கள். சுடாத நாட்களிலும் இதைச் செய்யலாம்.

படி 6: கோணம்

விலகலைத் தருவது காற்றின் பக்கவாட்டுப் பங்கு மட்டுமே. சுடும் கோட்டிலிருந்து 15 டிகிரியில் வந்தால் கால் பங்கு, 30-இல் பாதி, 45-இல் 0.7, 60-இல் 0.87, 90-இல் முழுவதும். 60-க்கும் 90-க்கும் நடுவே கோணத்தைத் தவறாகப் பார்த்தாலும் பெரிய பாதகமில்லை. அங்கே வேகத்தைக் கவனியுங்கள். எதிர்காற்றோ பின்காற்றோ என்றால் நிலைமை தலைகீழ். கோணம் இடப்பக்கம் 15-லிருந்து வலப்பக்கம் 15-க்கு ஆடினால், வேகம் மாறாமலே முழுக் காற்றில் பாதி அளவுக்கு இலக்கில் வித்தியாசம் வரும். எதிர்காற்றுதானே என்று அசட்டையாக இருப்பவர்கள் இங்கேதான் புள்ளிகளை இழக்கிறார்கள்.

படி 7: பாதையில் எந்த இடத்துக் காற்று?

சுடும் இடத்துக்கு அருகே அடிக்கும் காற்று குண்டின் திசையைத் திருப்பினால், அந்தத் திருப்பம் மிச்சத் தூரம் முழுக்க விரிந்துகொண்டே போகும். இலக்கருகே அடிக்கும் காற்றுக்கு அந்த அவகாசம் இல்லை. நம் உதாரணத்தில் தூரத்தை மூன்றாகப் பிரித்தால் முதல் பகுதி கிட்டத்தட்ட பாதி விலகலையும், நடுப்பகுதி மூன்றில் ஒரு பங்கையும், கடைசிப் பகுதி ஆறில் ஒரு பங்கையும் தருகின்றன. 3 : 2 : 1 என்று நினைவில் வையுங்கள்.

அருகே 2, நடுவில் 4, இலக்கருகே 6 மீட்டர் வேகம் என்றால் (3×2 + 2×4 + 1×6) ÷ 6 = 3.3. இலக்கருகே படபடக்கும் கொடியை மட்டும் பார்த்து 6 என்று சுட்டவர் ஏறத்தாழ 1.4 மீட்டர் தள்ளிப் போயிருப்பார்.

நடுப்பகுதிக்கு இன்னொரு கவனம். 1.65 வினாடி பறக்கும் குண்டு பாதையின் உச்சியில் பார்வைக் கோட்டுக்கு 3 மீட்டருக்கும் மேலே இருக்கும். தரையை ஒட்டிய காற்றைவிட அங்கே வேகம் கூட. புல் மட்டத்தில் பார்த்ததைக் கொஞ்சம் உயர்த்தியே எடுங்கள். மண்மேடு, மரவரிசை, பள்ளம் இருக்கும் இடங்களில் காற்று தடைபட்டு, பிறகு திடீரென்று திறந்துகொள்ளும். அந்த இடைவெளி பாதையில் எங்கே வருகிறது என்பதைச் சுடுவதற்கு முன்பே நடந்து பார்த்துக் குறித்துக்கொள்வது நல்லது.

படி 8: பக்கக் காற்று தரும் உயர மாற்றம்

பக்கக் காற்று உயரத்தையும் தொடும். வலப்புரிக் குழலில் இடப்பக்கமிருந்து காற்று வந்தால் குண்டு வலப்பக்கமும் சற்றுக் கீழும் போகும். வலப்பக்கமிருந்து வந்தால் இடப்பக்கமும் சற்று மேலும். நம் ரைஃபிளில் வினாடிக்கு 4 மீட்டர் காற்றுக்குச் சுமார் 0.1 மில், அதாவது ஒரு கிளிக். காற்று இரு பக்கமும் மாறும் நாளில் குழு சாய்கோடாக விழுந்தால் கைப்பிடியிலோ மூச்சிலோ குறை தேட வேண்டாம்.

படி 9: எல்லாவற்றையும் கூட்டுவது

900 மீட்டர், 45 டிகிரி வட அட்சம், இடப்பக்கமிருந்து 3.3 மீட்டர் காற்று. காற்றுக்கு 1.9 மில் இடம், ஸ்பின் டிரிஃப்டுக்கு 0.24 இடம், பூமிச் சுழற்சிக்கு 0.08 இடம்: மொத்தம் 2.2 மில் இடம், ஒரு கிளிக் உயரமும் கூட. அதே காற்று வலப்பக்கமிருந்து வந்தால் 1.9 வலத்திலிருந்து 0.32 கழிந்து 1.6 மில் வலம், ஒரு கிளிக் குறைவு. ஒரே வேகம், ஆனால் இரு பக்கமும் சமமில்லை. இதை அறியாதவர் வலப்பக்கக் காற்றை எப்போதும் உள்ளதைவிடப் பலவீனமானது என்று மனத்தில் பதித்துக்கொள்வார். அப்படிப் பதிந்ததை அழிப்பது கடினம்.

மாறாத 0.32-ஐ டர்ரெட்டில் போட்டுவிட்டு, காற்றை மட்டும் ரெட்டிகிளில் (ஸ்கோப்புக்குள் தெரியும் குறிக்கோடுகளில்) பிடிப்பது என் பரிந்துரை. டர்ரெட்டில் காற்றைத் துரத்தினால் திருப்பி முடிக்கும்போது காற்று வேறாகியிருக்கும். எங்கே விட்டோம் என்பதும் மறந்துபோகும். பலமான நிலையான காற்று என்றால் அதன் அடிப்படை அளவையும் டர்ரெட்டில் வைத்து, ஏற்ற இறக்கத்தை மட்டும் ரெட்டிகிளில் பிடிக்கலாம்.

சுடத் தொடங்கும் முன் பத்து நிமிடமாவது காற்றைப் பாருங்கள். குறைந்தபட்சம் எவ்வளவு, அதிகபட்சம் எவ்வளவு, எந்த நிலை அடிக்கடி திரும்ப வருகிறது? திரும்பி வரும் அந்த நிலையைத் தேர்ந்தெடுத்து, அது வரும்போது மட்டும் சுடுங்கள். விசையை இழுக்குமுன் கடைசிப் பார்வை காற்றின்மீது இருக்கட்டும். அதற்குப் பிறகு குறியில் நீண்ட நேரம் தங்கினால் பார்த்த காற்று பழசாகிவிடும். அப்போது விரலை எடுத்துவிட்டு மறுபடி தொடங்குங்கள்.

படி 10: குறிப்பேடு

ஒவ்வொரு ஷாட்டுக்கும் கணித்த காற்று, பிடித்த அளவு, விசை விட்டபோது குறி எங்கே இருந்தது, குண்டு எங்கே விழுந்தது ஆகிய நான்கையும் எழுதுங்கள். பிறகு பின்னோக்கிக் கணக்கிடுங்கள். 900 மீட்டரில் இடக்காற்றை 3.3 என்று கணித்துச் சுட்ட குண்டு 30 செ.மீ. வலப்பக்கம் விழுந்தால், 30-ஐ 52-ஆல் (வினாடிக்கு 1 மீட்டர் காற்று அங்கே தரும் விலகல், செ.மீ.) வகுக்க 0.6 வரும், அந்த நேரத்தின் உண்மைக் காற்று 3.9. அப்போது கானல் எப்படிச் சாய்ந்திருந்தது, கொடி எப்படி நின்றது என்ற நினைவின் பக்கத்தில் 3.9 என்று எழுதுங்கள். கண்ணுக்கான அளவுகோல் இப்படித்தான் உருவாகும்.

சில நாள் பக்கங்களை ஒன்றாக வைத்துப் பார்த்தால் பிழையின் வேர் பிடிபடும். இடக்காற்றிலும் வலக்காற்றிலும் குழுவின் நடுப்புள்ளி ஒரே பக்கம், ஒரே அளவு தள்ளியிருந்தால் நிலையான பிழை ஏதோ மிஞ்சியிருக்கிறது: 600-லும் 900-லும் மில் கணக்கில் அதே அளவு என்றால் ஜீரோ, தூரத்தோடு ஏறினால் சாய்வோ ஸ்பின் டிரிஃப்டோ. நடுப்புள்ளி சரியாக இருந்து குழு மட்டும் பக்கவாட்டில் அகன்றிருந்தால் அது காற்றைப் படிப்பதில் உள்ள குறை. இடக்காற்றில் எப்போதும் வலப்பக்கமும், வலக்காற்றில் எப்போதும் இடப்பக்கமும் தள்ளினால் காற்று எண்ணை அதிகமாக வைத்திருக்கிறீர்கள். குழல்வாய் வேகத்தைக் குரோனோகிராஃபில் (குண்டின் வேகத்தை அளக்கும் கருவி) மறுபடி அளந்து, படி 4-லிருந்து அட்டவணையைப் புதிதாகப் போடுங்கள்.